பொட்டலத்துக்குள் எத்தனை பாராசிட்டமால்?

"மருத்துவர் ஆலோசனை இல்லாமல் மருந்து உட்கொள்ளாதீர்கள்." ஆஸ்பத்திரிச் சுவர், ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ், வாட்ஸப்பில் சுற்றும் படம் என்று எங்கே திரும்பினாலும் இந்த ஒரே வாசகம்தான். வாசகத்தில் தப்பில்லை. ஆனால் மும்பையில் தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலோ சயான் கோலிவாடாவிலோ ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மெடிக்கல் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், இதை யாருக்காக எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றும். வேலை விட்டு வருகிறவர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். "பையா, புகார் கா கோலி" (காய்ச்சல் மாத்திரை), "சர்திக்கு (சளிக்கு) ரெண்டு குடுங்க", "பதன் தர்த்" (உடம்பு வலி) என்று தமிழும் இந்தியும் கலந்து சொல்கிறார்கள். உள்ளே நிற்கும் பையன் பார்க்காமலே கையை நீட்டி அட்டையை எடுக்கிறான், கத்தரியால் நறுக்குகிறான், காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுகிறான். பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டுமென்றால் காலையில் கேஸ் பேப்பர் (நோயாளிச் சீட்டு) எடுக்க நிற்க வேண்டும். அன்றைய கூலி போய்விடும். இட்லி வியாபாரத்துக்கு விடிகாலை மூன்று மணிக்கு எழுகிறவரிடமும், தோல் பட்டறையில் பீஸ் கணக்கில் வேலை பார்க்கிறவரிடமும் "டாக்டரிடம் போகாமல் மாத்திரை போடாதே" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவர்கள் வாங்கத்தான் போகிறார்கள். எப்படி வாங்குவது என்றுதான் சொல்லித்தர வேண்டும்.

சட்டமும் இந்த விஷயத்தில் தெளிவாக இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று தனியாக ஒரு பட்டியல் இந்திய மருந்துச் சட்டத்தில் கிடையாது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஷெட்யூல் ஹெச், ஹெச்1, எக்ஸ் என்று சீட்டு கட்டாயமான பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றில் இல்லாததெல்லாம் கேட்டால் கிடைக்கும். பாராசிட்டமால் அப்படிக் கிடைப்பதுதான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், அசித்ரோமைசின் எல்லாம் ஷெட்யூல் ஹெச்சில் இருப்பவை, சீட்டு வேண்டும். அதாவது தொண்ணூறு அடி ரோட்டில் "உடம்பு வலி மாத்திரை" என்று மடித்துக் கொடுப்பதில் பாதி, சட்டப்படி அப்படிக் கொடுக்கக் கூடாதது. கொடுப்பவருக்கும் அது தெரியும், வாங்குபவருக்குத்தான் தெரியாது.

மூன்று மாத்திரைக் கணக்கு

காய்ச்சல், மூக்கொழுகல், உடம்பு வலி மூன்றும் ஒன்றாக வந்தவருக்குக் கிடைக்கும் பொட்டலம் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். பெரும்பாலும் மூன்று மாத்திரை இருக்கும். முதலாவது காய்ச்சல் மாத்திரை, பாராசிட்டமால் 650 மி.கி. இரண்டாவது சளி மாத்திரை. கடைகளில் புழங்கும் சளி மாத்திரைகளில் பல பாராசிட்டமால் 500 மி.கி., பினைல்எஃப்ரின், குளோர்பெனிரமின் மூன்றும் சேர்ந்தவை. மூன்றாவது வலி மாத்திரை. அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., கூடவே பாராசிட்டமால் 325 மி.கி. மருந்துக்கடையில் இந்த மூன்றும் மூன்று அலமாரியில், மூன்று பெயரில், மூன்று நிறத்தில் இருக்கின்றன. வயிற்றுக்குள் போனதும் ஒரே மருந்து மூன்று முறை போனதாகத்தான் கணக்கு. 650, 500, 325 கூட்டினால் 1475 மி.கி. "மூணு வேளை போடுங்க" என்று சொல்லியிருந்தால் ஒரு நாளைக்கு 4425 மி.கி.

நல்ல உடம்புள்ள பெரியவருக்கு 24 மணி நேரத்தில் பாராசிட்டமாலின் மேல் எல்லை 4000 மி.கி. 50 கிலோவுக்குக் குறைவான எடை, தினமும் குடிக்கும் பழக்கம், ஏற்கெனவே ஈரல் கோளாறு, இரண்டு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்காத நிலை, இவற்றில் ஏதாவது இருந்தால் 2 முதல் 3 கிராமோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பொட்டலம் முதல் நாளிலேயே மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. இதற்கு மேல் நடப்பதும் வழக்கமானதுதான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உடம்பு கொதிக்கிறது, வீட்டு டப்பாவில் கிடக்கும் டோலோ 650 (அதுவும் பாராசிட்டமால்தான்) ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். 5075 ஆகிவிட்டது. இதில் யாரும் பொறுப்பில்லாமல் நடந்துகொள்ளவில்லை. காய்ச்சலுக்குக் காய்ச்சல் மாத்திரை, சளிக்குச் சளி மாத்திரை, வலிக்கு வலி மாத்திரை. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரி. கூட்டல்தான் தப்பாகப் போகிறது. அந்தக் கூட்டலைச் சுவரில் எழுதிப்போட்ட விளம்பரம் ஒன்றையும் இதுவரை பார்க்கவில்லை.

பாராசிட்டமாலில் பெரும்பகுதியை ஈரல் தொந்தரவில்லாமல் வெளியேற்றிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் விஷப்பொருளாக மாறும். குளுட்டாதயோன் என்ற பொருளைக் கொண்டு ஈரல் அதை முறித்துவிடும். பட்டினியிலும் தொடர்ந்த குடியிலும் இந்தக் குளுட்டாதயோன் இருப்பு குறைந்துவிடுகிறது. காய்ச்சல்காரர் கஞ்சிகூட வேண்டாம் என்று படுத்திருக்கும் அதே இரண்டு நாளில்தான் மாத்திரையும் அதிகமாக உள்ளே போகிறது. முறிக்க ஆளில்லாத விஷம் ஈரல் செல்களைக் கொல்லத் தொடங்கும். முதல் நாள் குமட்டல், வாந்தி, பசியின்மை மட்டும் இருக்கும். அதைக் காய்ச்சலின் கணக்கில் எழுதிவிடுவார்கள். பிறகு சற்றுத் தெளிந்ததுபோல் இருந்து, இரண்டாம் மூன்றாம் நாளில் வலது விலாவுக்குக் கீழே வலியும் அதையடுத்துக் கண்ணில் மஞ்சளும் வரும். மஞ்சளைப் பார்த்ததும் நம் வீடுகளில் கீழாநெல்லி அரைக்க ஆரம்பித்துவிடுவார்கள். போக வேண்டிய இடம் பெரிய ஆஸ்பத்திரி. அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து அங்கே இருக்கிறது. ஒரேயடியாக அளவு மீறிப் போட்டிருந்தால் எட்டு மணி நேரத்துக்குள் அதை ஆரம்பித்துவிட்டால் ஈரல் பெரும்பாலும் தப்பிக்கும், பிந்திப் போனாலும் கொடுப்பார்கள். நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மீறியிருந்தால் மணிக்கணக்குப் பார்க்காமல் உடனே போக வேண்டும். போட்ட மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, கையோடு எடுத்துப் போக வேண்டும்.

கத்தரி

அட்டை இல்லையே என்பதுதான் அடுத்த பிரச்சினை. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் நமக்குத் தேவையான எல்லாம் அச்சாகியிருக்கிறது. மருந்தின் பெயர், ஒரு மாத்திரையில் எது எத்தனை மில்லிகிராம், பேட்ச் எண், காலாவதி மாதம். சீட்டு வேண்டிய மருந்தாக இருந்தால் அந்த எச்சரிக்கையும் இருக்கும். ஆன்டிபயாட்டிக் அட்டைகளில் நெடுக்காக ஒரு சிவப்புக் கோடு போடும் வழக்கமும் உண்டு. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் கியூஆர் குறியீடும் போட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. இதெல்லாம் முழு அட்டைக்கு. பேட்ச் எண்ணும் காலாவதியும் அநேகமாக அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். பத்தில் இரண்டை நறுக்கிக் கொடுத்தால் உங்கள் துண்டில் பெயரில் பாதியும் கம்பெனி முகவரியில் ஒரு வரியும் வரும். என்னைக் கேட்டால் சுயமருத்துவத்தின் மிகப் பெரிய ஆபத்து அந்தக் கத்தரிதான். வாங்கியவருக்குத் தான் என்ன சாப்பிட்டோம் என்று தெரிவதில்லை. மறுநாள் டாக்டர் கேட்டால் "வெள்ளையா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பாராசிட்டமால் போல அடிக்கடி தேவைப்படுவதை "ஏக் பத்தா" என்று முழு அட்டையாகவே வாங்கி வைப்பது நல்லது. 650 மி.கி. அட்டை ஏறக்குறைய முப்பது ரூபாய்தான். நறுக்கி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வெட்டுவதற்கு முன் அட்டையின் பின்பக்கத்தை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். பையன் முறைத்தால் முறைக்கட்டும். ஒவ்வொரு மாத்திரைக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இஸ்மே பாராசிட்டமால் ஹே க்யா?" (இதில் பாராசிட்டமால் இருக்கிறதா?) மூன்றில் இரண்டுக்கு "ஹான்" (ஆமாம்) என்று பதில் வந்தால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அச்சு ஆங்கிலத்தில் இருக்கிறது, படிக்கத் தெரியாது என்பது உண்மையான கஷ்டம்தான். வீட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் பாராசிட்டமால் என்ற ஒரு சொல்லைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படித்துவிடும். வேறெதையும் படிக்க வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் வலி மாத்திரை

மும்பையில் ஜூன் முதல் அக்டோபர் வரை வரும் காய்ச்சலுக்கு ஒரு தனி விதி உண்டு. அது டெங்குவாக இருக்கலாம், மலேரியாவாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எதுவென்று தெரியாத வரையில் காய்ச்சலுக்கு வெறும் பாராசிட்டமால் மட்டும்தான். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் நான்கும் கூடாது. டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன. இந்த வலி மாத்திரைகளோ இருக்கிற தட்டணுக்களின் வேலையைக் கெடுத்து, இரைப்பைச் சுவரையும் அரிக்கும். ரத்தக்கசிவுக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்த மாதிரி. காம்பிஃபிளாம் என்று கேட்டு வாங்குவதில் இபுப்ரோஃபென் 400 மி.கி. இருக்கிறது, பாராசிட்டமால் 325 மி.கி.தான். "அதுல காய்ச்சல் சீக்கிரம் இறங்குது" என்று சொல்கிறார்கள். இறங்கும்தான். மழைக்காலத்தில் அந்த அவசரம் வேண்டாம்.

டெங்குவில் இன்னொரு ஏமாற்று வித்தை உண்டு. ஆபத்தான கட்டம் காய்ச்சல் கொதிக்கும்போது வருவதில்லை, அது இறங்கும்போது வருகிறது. பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் விடும். அதிலிருந்து ஒன்றிரண்டு நாள்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழக்கூடிய நேரம். மாத்திரை வேலை செய்துவிட்டது என்று வேலைக்குக் கிளம்பிப் போவதும் அதே நாளில்தான். விடாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிட்டுப்போதல், காரணமில்லாத அசதியோ படபடப்போ இருந்தால், தெர்மாமீட்டர் 98 காட்டினாலும் ஆஸ்பத்திரிதான். நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் குடிப்பது அவரவர் விருப்பம். அதைக் குடித்ததற்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

எலிக்காய்ச்சல் கதை வேறு. ஹிந்த்மாதாவிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவர்கள், 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு வந்த நோயை நினைத்துப் பயந்து, தாங்களாகவே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுகிறார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக நோயைக் கொண்டுவருகிறது. மூன்று நாளுக்குள் தடுப்பு மருந்து எடுப்பது பலன் தரும் என்று மாநகராட்சியே மழைதோறும் சொல்கிறது. ஆனால் எத்தனை நாளுக்கு என்பது காலில் காயம் இருந்ததா, எத்தனை முறை தண்ணீரில் இறங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. மாநகராட்சி மருந்தகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் இது ஆகாது, அவர்களுக்கு வேறு மருந்து. விழுங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும், அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே சாய்ந்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். பால், இரும்புச்சத்து மாத்திரை, கேஸுக்குக் குடிக்கும் பாட்டில் மருந்து இவற்றோடு சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது.

பிள்ளைகளுக்கு மி.லி. கணக்கு

பிள்ளைகளுக்கு மருந்து வயதைப் பார்த்துக் கொடுப்பதில்லை, எடையைப் பார்த்துத்தான். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மி.கி. இதுவரை எளிது. குழப்பம் பாட்டிலில் இருக்கிறது. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு, ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தும் உண்டு. அதே 150 மி.கி.க்கு முதலாவதில் ஏறக்குறைய 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. "எங்க பிள்ளைக்கு ஆறு எம்.எல்." என்று மனப்பாடமாக வைத்திருக்கும் அம்மாவிடம் கடையில் இன்றைக்கு 250 பாட்டில் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். சொட்டு மருந்தை அதே ஆறு மி.லி. கொடுத்தால் நான்கு மடங்கு. ஆகவே மனதில் வைக்க வேண்டியது மி.கி., மி.லி. அல்ல. பாட்டிலோடு வரும் மூடியிலோ சொட்டுக்குழாயிலோ அளந்து கொடுங்கள், சமையலறைக் கரண்டி வேண்டாம். நிமெசுலைடு என்ற காய்ச்சல், வலி மருந்து 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 2011லிருந்தே தடை. குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின் கலந்த சளி சிரப்பை நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் தூள்தான் முதல் மருந்து. அதிலும் தப்பு நடக்கிறது. பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கலந்து கொடுத்தால் உப்பு ஏறிப்போய்ப் பிள்ளைக்கு இன்னும் ஆபத்து. ஒரு லிட்டரையும் ஒன்றாகக் கலந்து மூடி வைத்து, 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும். பழச்சாறு டப்பாக்களில் ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு விற்பதை 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நிறுத்தச் சொன்னது. சர்க்கரை கூடிய அந்தப் பானங்கள் பேதியை அதிகமாக்கத்தான் செய்யும்.

சீட்டில்லாமல் வாங்கவே கூடாதவை

பெரியவர்களுக்கான எச்சரிக்கைகள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். பிரஷர் மாத்திரை, அதிலும் டெல்மிசார்ட்டானோடு நீர் பிரியும் மருந்து சேர்ந்தது சாப்பிடுகிற அப்பாவுக்கு முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுத்தால் மூன்றும் சேர்ந்து கிட்னியைக் கெடுக்கலாம், பிரஷரும் ஏறும். குளோர்பெனிரமின் உள்ள சளி மாத்திரை தூக்கம் வரவைக்கும், டாக்சி ஓட்டுகிறவர்கள் ராத்திரி படுக்கும்போது மட்டும் போடலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்கு அதே மாத்திரை மூத்திரத்தையே அடைத்துவிடும். மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அந்த மருந்தாலேயே மூக்கு அடைக்க ஆரம்பிக்கும்.

ஆனால் இரண்டு பொருளில் எனக்குச் சமரசமே கிடையாது. முதலாவது படை மருந்து. மழையில் ஈரத் துணியோடு நாள் முழுக்க இருப்பதால் தொடையிடுக்கில் படர்தாமரை வரும். கடையில் கொடுக்கும் கலவைக் கிரீமில் பூஞ்சை மருந்தோடு பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் மாதிரி ஸ்டீராய்டும் இருக்கும். அரிப்பு ஒரே நாளில் நின்றுவிடும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். வட்ட ஓரம் அழிந்துபோவதால் டாக்டருக்கே அடையாளம் தெரியாது, தோலும் மெலிந்து கோடு விழும். ஸ்டீராய்டு கிரீம்களை 2018இல் சீட்டு கட்டாயமான பட்டியலுக்குள் கொண்டுவந்தார்கள். வெறும் குளோட்ரிமசோல் கிரீம் கேளுங்கள். படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை, தினம் இரண்டு வேளை, மறைந்த பிறகும் இரண்டு வாரம். அதிலும் சரியாகாவிட்டால் தோல் டாக்டர்.

இரண்டாவது லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக். நெஞ்சுச் சளி, இருமல் என்றால் இதையும் நறுக்கிக் கொடுக்கிறார்கள். இது 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஷெட்யூல் ஹெச்1 பட்டியலில் இருக்கிறது. யாருக்கு, எந்த டாக்டர் எழுதி, எத்தனை கொடுத்தோம் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. லீவோஃப்ளாக்சசின் டிபி கிருமியையும் ஓரளவு கொல்லும். நெருக்கமான அறைகளில் எட்டுப் பேர் தூங்கும் தாராவி மாதிரி இடத்தில், டிபி இருமலுக்கு ஐந்து நாள் இதைப் போட்டால் இருமல் குறையலாம், சளிப் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகலாம். சில வாரத்தில் திரும்பி வரும்போது அந்த மருந்துக்கு அடங்காத கிருமியாக வரலாம். மருந்துக்கு அடங்காத டிபிக்கான சிகிச்சையில் கையில் இருக்கும் முக்கியமான ஆயுதங்களில் இதுவும் ஒன்று. அதைச் சளிக்குச் செலவழித்துவிட்டோம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல் என்றால் மாநகராட்சி மருந்தகத்தில் சளிப் பரிசோதனை இலவசம். 2022இல் மாநகராட்சி தொடங்கிய ஆப்லா தவாகானா என்ற சிறு மருத்துவமனைகளில் பல சாயங்காலமும் திறந்திருக்கின்றன, கூலி போகாமல் காட்டிவிட்டு வரலாம். போனதும் முதலில் சொல்ல வேண்டியது, இதற்கு முன் மெடிக்கலில் வாங்கிப் போட்ட மாத்திரைகளின் பெயர். திட்டுவார்கள் என்று பயந்து மறைத்துவிடுகிறார்கள். லீவோஃப்ளாக்சசின் போட்டது தெரிந்தால், கிருமி இல்லை என்று வந்த ரிப்போர்ட்டை டாக்டர் அப்படியே நம்பாமல் இன்னொரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்.